வன்னியில் ஒரு பழைய கோச்சிப் பாலம்: வரலாற்றுப் பலகைகள் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

இலங்கையின் வடக்கில், ஓமந்தைக்கும் கிளிநொச்சிக்கும் இடையில், கனகராயன் ஆற்றோடு சேரும் கிளையாறு ஒன்றின் மேல் மூன்று கண் கொண்ட சிறிய இரும்புக் கோச்சிப் (தொடருந்துப்) பாலம் இருக்கிறது. ஒவ்வொரு கண்ணும் ஏறத்தாழ 6 மீற்றர். வடக்குப் புகையிரதப் பாதை மீளப் போடப்பட்டபோது புதிய பாலம் சற்று விலகி அமைந்ததால் பழையது கைவிடப்பட்டு நின்றது. பாடசாலைப் பிள்ளைகளும் வயலுக்குப் போவோரும் வெறும் கேடரின் (இரும்பு உத்தரத்தின்) மேல் கால்வைத்துக் கடந்து வந்தார்கள். மாரியில் அது உயிராபத்து. கிராம அபிவிருத்திச் சங்கமும் உள்ளூராட்சி மன்றமும் சேர்ந்து, புகையிரதப் பகுதியின் எழுத்து அனுமதியுடன், அதை நடைபாதையாக மாற்றின.

பாலத்தைத் திருத்திய முறை பின்னால் வந்த வரலாற்றுப் பலகை வேலைக்கும் வழிகாட்டியது. பழைய கேடரில் ஒரு புதுத் துளைகூட இடப்படவில்லை. முன்பு தண்டவாளத்தின் கீழ்க் குறுக்கே கிடந்த சிலிப்பர் கட்டைகளைப் பிடித்திருந்ததைப் போலவே கொக்கிப் போல்ற்றுகள் கேடரின் விளிம்பைக் கீழிருந்து கவ்வ, அவற்றின் மேல் முதிரைக் குறுக்குக் கட்டைகள் இருந்தன. அதன்மேல் 10 மி.மீ. இடைவெளி விட்ட பலகைத் தளம், 1.8 மீற்றர் அகலம். கைப்பிடி வேலி 1.1 மீற்றர் உயரம். பழைய பெயின்ற்றின் அடியில் ஈயச் செந்தூரப் பூச்சு இருந்ததால், அதன் தூள் நச்சு என்பதால், கிரைண்டர் பிடிக்கவில்லை. நனைத்துக் கையால் சுரண்டி, கழிவைப் பொலித்தீனில் கட்டி அகற்றினார்கள்.

வேலை நன்றாக முடிந்தது. வரலாற்றுப் பலகை மட்டும் திறப்பு விழாவுக்குச் சில நாட்களே இருக்கும்போது எழுதப்பட்டது.

முதல் பலகையில் காணப்பட்டவை

அது 8 அடிக்கு 4 அடி இரும்புச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய டிஜிற்றல் பனர். இரண்டு ஒல்லியான ஜி.ஐ. பைப்பில் மேற்குக் கரையில் நின்றது. ஒரு வருடம் கழித்து சங்கத்தினர் ஆய்வுக்கு எடுத்தபோது கண்டவை இவை.

வெயில் படும் பக்கத்தில் சிவப்பும் மஞ்சளும் ஏறக்குறைய மறைந்து நீலமும் கறுப்பும் மட்டும் எஞ்சியிருந்தன. இந்த அச்சு மைகளில் முதலில் வெளிறுபவை அந்த இரண்டு நிறங்களே. திறந்து வைத்தோரின் பெயர்கள் சிவப்பில் பெரிதாக இருந்தன, அவை முதலில் போயின. சட்டத்தின் மூலைகளில் பனர் கிழிந்திருந்தது. மாடுகள் முதுகு சொறிந்து ஒரு பைப் வளைந்திருந்தது. பலகை பாலத்தின் வாயிலிலேயே நின்றதால் வாசிக்க நிற்பவர் வழியை மறித்தார், சைக்கிளில் வருவோர் இறங்கவேண்டி வந்தது.

தமிழ் எழுத்துகளும் உடைந்திருந்தன. ‘கோச்சி’, ‘கொழும்பு’ போன்ற சொற்களில் கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகி, காலுக்கு முன்னால் புள்ளி வட்டம் ஒன்று அச்சாகியிருந்தது. பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சிட்டதை யூனிகோட்டுக்கு மாற்றி, தமிழைச் சரியாகக் கோக்கத் தெரியாத பழைய வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டியதே காரணம். நம் பகுதி அச்சகங்களில் இன்றும் இது நடக்கிறது. கணினியில் சரியாகத் தெரிந்த கோப்பு வேறு கணினியில் திறந்ததும் உடையும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய குறை உள்ளடக்கத்தில். “1905இல் ஆங்கிலேயரால் கட்டப்பட்ட பாலம்” என்று தலைப்பு. அருகில் இணையத்தில் எடுத்த ஒரு பாலத்தின் படம். புகையிரதப் பகுதியில் லைன் வேலை (தண்டவாளப் பராமரிப்பு) பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இது எங்கட பாலமில்லைத் தம்பி. எங்கட பாலத்துக்கு மேலால வளைவே இல்லை.” அவருடைய சொல்லோடுதான் மறுபடி எழுதும் வேலை தொடங்கியது.

கல்லும் இரும்பும் சொன்னவை

முதலில் கேட்கப்பட்ட கேள்வி: இந்த இடத்தில் நிற்கும் ஒருவர் கண்ணால் எதைக் காண்கிறார்? அதிலிருந்து தொடங்காத பலகையை ஒரு தாளில் அச்சிட்டு வீட்டில் கொடுத்துவிடலாம், ஆற்றங்கரையில் நடத் தேவையில்லை.

பாலத்தின் இரு முனையிலும் உள்ள அணைச்சுவர்களின் மேல், கேடரைத் தாங்கும் படுக்கைக் கற்களைக் கழுவியபோது இரண்டு தொகுதி ஆணித் துளைகள் தெரிந்தன. ஒன்றில் இப்போதைய கேடரின் போல்ற்றுகள் இருக்கின்றன. மற்றது சற்று உள்ளே தள்ளி, சாந்தால் அடைக்கப்பட்டிருந்தது. அதாவது ஒருகாலத்தில் இதே கற்களின் மேல் வேறு அளவான இரும்பு இருந்திருக்கிறது. கனமான இயந்திரங்கள் வந்தபோது பழைய கேடர்களை மாற்றுவது புகையிரதப் பாதைகளில் வழக்கம். ஆகவே ‘1905 பாலம்’ என்று மொத்தமாகச் சொல்ல இடமில்லை. அந்த ஆண்டு ஓகஸ்டில் திறந்தது பாதை. காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரி வரையான துண்டு 1902இலேயே ஓடத் தொடங்கிவிட்டது. வன்னிக் காட்டினூடான துண்டும் சேர்ந்த பின்தான் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வரை ஒரே வண்டியில் போக முடிந்தது.

கரையோரத்தில் வேலித்தூணாக நட்டிருந்த ஒரு தண்டவாளத் துண்டும் உதவியது. தண்டவாளத்தின் இடுப்பில் உருக்காலையின் பெயர், உருட்டி எடுத்த ஆண்டு, ஒரு யாருக்கு (கெசத்துக்கு) எத்தனை பவுண்டு என்ற எடை ஆகியவை புடைப்பெழுத்தில் இருக்கும். துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, சோக்குத்தூள் பூசிப் பக்கவாட்டில் ரோச் அடித்தால் வாசிக்கலாம். இங்கே கிடைத்த ஆண்டு 1905க்குப் பிந்தியது. அதை வைத்துப் பாலத்துக்கு வயது சொல்லலாம் என்று சிலர் நினைத்தார்கள். முடியாது. தண்டவாளம் தேயத் தேய மாற்றப்படும் பொருள், அதன் ஆண்டு அந்தத் துண்டுக்கு மட்டும் உரியது.

இப்படிக் கிடைத்த ஒவ்வொரு செய்தியையும் மூன்று பிரிவில் எழுதி வைத்தார்கள்: இடத்தில் நின்றே காணக்கூடியது, பொது ஆவணத்தில் உள்ளது, ஊராரின் நினைவு. மூன்றிலும் சேராதது பலகைக்குப் போகவில்லை. நினைவிலிருந்து வந்த வரிகள் “ஊரில் மூத்தோர் சொல்வது” என்றே தொடங்கின. கடைசி வண்டி எப்போது போனது என்பதில் மூத்தோரிடையே 1985, 1990 என இரண்டு ஆண்டுகள் வந்தன. இரண்டுக்கும் காரணம் உண்டு. 1985 சனவரியில் முறிகண்டிக்கு அருகே யாழ்தேவி வண்டி குண்டுவெடிப்புக்கு உள்ளான பின் சேவை தடைப்பட்டு ஓடியது. 1990 யூனோடு அது முற்றாக நின்றது. முதல் ஆண்டைச் சொன்னவர்கள் தாங்கள் பயணம் செய்வதை விட்ட நாளை நினைவில் வைத்திருந்தார்கள். பலகையில் 1990 போனது. ஊராரின் ஒலிப்பதிவில் இரண்டும் இருக்கின்றன.

படம் கிடைக்கவில்லை. இந்த ஊர்க் குடும்பங்களின் அல்பங்கள் இடம்பெயர்வுகளில் தொலைந்துவிட்டன. வேறு பாலத்தின் படத்தை வைப்பதில்லை என்று முடிவெடுத்து, உள்ளூர் ஓவிய ஆசிரியர் ஒருவரைக் கொண்டு இப்போதைய பாலத்தின் பக்கத் தோற்றத்தைக் கோட்டோவியமாக வரைந்து, அணைச்சுவர், நடுத்தூண், படுக்கைக்கல், கேடர், கொக்கிப் போல்ற் எனப் பெயர் குறித்தார்கள். பிள்ளைகள் விரல் வைத்துப் பார்ப்பது இந்தப் படத்தைத்தான்.

போர்க்காலத்தை எழுதுதல்

கிழக்குக் கண்ணின் கேடரில் சிதறல் துளைத்த இடங்கள் உள்ளன. துளைகள் கேடரின் நடுத்தகட்டில், விளிம்புக்கு விலகி இருந்ததாலும், நடைபாதைச் சுமை தொடருந்துச் சுமையில் சிறு பங்கே என்பதாலும் அவற்றை அடைக்கத் தேவையில்லை என்று பொறியியலாளர் எழுத்தில் தந்தார். துருத் தடுப்புப் பூச்சு மட்டும் பூசி அப்படியே விடப்பட்டன. கண்ணெதிரே துளைகள் இருக்க, பலகை அவற்றைப் பற்றிப் பேசாமல் இருப்பது வாசிப்பவரை ஏமாற்றுவதாகும். ஒரு தரப்பு பொறியியல் மட்டும் போதும் என்றது. இன்னொரு தரப்பு இப்பகுதியில் இறந்தவர்களின் பெயர்கள் வேண்டும் என்றது.

நீண்ட பேச்சுக்குப் பின் ஏற்கப்பட்ட வாசகம் இது:

“1990 யூன் மாதத்தின் பின் இவ்வழியே கோச்சி ஓடவில்லை. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் கழற்றப்பட்டுப் பதுங்கு குழிகளுக்குப் பயன்பட்டன. இந்தக் கேடரில் நீங்கள் காணும் துளைகள் போர்க்காலத்தவை. பாதை 2013 செப்ரெம்பரில் கிளிநொச்சி வரையும், 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணம் வரையும் மீண்டும் திறந்தது.”

யார் கழற்றினார்கள் என்று ஏன் இல்லை என்ற கேள்வி எழுந்தது. இரு தரப்பும் பதுங்கு குழிகளுக்கு அவற்றைப் பயன்படுத்தியது பரவலாக அறியப்பட்டதே. ஆனால் இந்தப் பாலத்தின் கட்டைகள் போனதைக் கண்டவர் எவரும் ஊரில் இல்லை. கண்டவர் இல்லாத இடத்தில் எழுவாயை எழுதவில்லை.

பெயர்ப் பட்டியல் வைக்கப்படவில்லை. யாராவது ஒருவர் விடுபட்டாலும் அந்தக் குடும்பத்துக்கு அது இரண்டாவது இழப்பு, முழுமையான பட்டியல் என்று உறுதி சொல்லவும் யாராலும் முடியவில்லை. பதிலாகக் கரையில் நிற்கும் மருதமரத்தடியில் எழுத்தில்லாத கல் இருக்கை ஒன்று கட்டப்பட்டது. இந்த முடிவு எல்லோருக்கும் ஆறுதல் தரவில்லை. ஒரு குடும்பத்தின் மனக்குறை இன்றும் இருக்கிறது, அது நியாயமானது.

மொழியும் எழுத்தும்

மூன்று மொழியும் வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. வடக்கில் நிர்வாக மொழி தமிழ் என்பதால் முதலில் தமிழ், அடுத்து சிங்களம், ஆங்கிலம், மூன்றும் ஒரே எழுத்தளவில். ஒரு மொழிபெயர்ப்பை மற்றொன்றிலிருந்து செய்யாமல், செய்திப் பட்டியலை வைத்து ஒவ்வொரு மொழியிலும் தனித்தனியே எழுதினார்கள். இடம் போதாமல் எழுத்தைச் சிறிதாக்கும் வழக்கத்தை நிறுத்த, ஒரு பலகைக்குத் தமிழில் 60 சொல் என்ற எல்லை வகுக்கப்பட்டது. போர்க்கால வாசகம் அதற்குள் அடங்கியது. எழுதியதைப் பாடசாலையில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் உரக்க வாசித்துப் பார்த்தார்கள். அவர்கள் தடக்கிய வாக்கியங்கள் பிரிக்கப்பட்டன.

ஒரு மீற்றர் தூரத்தில் நின்று வாசிக்க ‘க’ எழுத்து 9 மி.மீ. உயரம் இருந்தது. வரி இடைவெளி எழுத்தின் ஒன்றரை மடங்குக்குக் குறையக்கூடாது. குறைந்தால் மேல்வரியின் உகரச் சுழியும் கீழ்வரியின் இகரக் கொக்கியும் முட்டிக்கொள்ளும். கோப்பு யூனிகோட்டிலேயே தட்டச்சிடப்பட்டு, சரிபார்த்த பின் எழுத்துகள் அனைத்தும் கோட்டுருவாக (வெறும் வடிவக் கோடுகளாக) மாற்றப்பட்டு அச்சகத்துக்குப் போனது. கோட்டுருவாக்கினால் எந்தக் கணினியிலும் உடையாது, ஆனால் பின்னர் திருத்தவும் முடியாது. எனவே மாற்றாத மூலக் கோப்பு தனியாகச் சேமிக்கப்பட்டது.

கல், தகடு, பீடம்

மூன்று பலகைகள் தீர்மானிக்கப்பட்டன. மேற்குக் கரையில் பாதையின் வரலாறு, கிழக்குக் கண்ணில் துளைகளுக்கு எதிரே சிறு பலகை, கிழக்குக் கரையில் பாலம் பக்கவாட்டில் முழுதாகத் தெரியும் இடத்தில் பாகங்களின் ஓவியம். மூன்றும் வாசிப்பவரின் முகம் பழைய பாலத்தை நோக்கி, முதுகு புதிய பாதைக்கு இருக்குமாறு திருப்பப்பட்டன. புதிய பாதை மணிக்கு 120 கி.மீ. வேகத்துக்கு அமைக்கப்பட்டது. படம் பிடிக்கும் ஆசையில் ஒருவரும் அந்தப் பக்கம் போகக்கூடாது.

மேற்குக் கரைப் பலகைக்கு 20 மி.மீ. கறுப்புக் கருங்கல். திறப்பு விழாக் கல்லும் நினைவுக்கல்லும் வெட்டிப் பழகிய பட்டறைகள் நம் நகரங்களில் உண்டு. அவர்கள் வழக்கமாகக் கொடுக்கும் கண்ணாடிப் பளபளப்பு மதிய வெயிலில் கண்ணைக் கூசச் செய்யும், ஆகவே மங்கல் மெருகு கேட்கப்பட்டது. கல்லில் ஸ்ரிக்கர் ஒட்டி, எழுத்துப் பகுதியை மட்டும் உரித்து மணல் பீச்சும்போது தமிழுக்கு இரண்டு ஆபத்து. மெய்யெழுத்தின் புள்ளியை உரிக்க மறந்தால் அது கல்லில் பதியாது, ‘பாலம்’ என்பது ‘பாலம’ ஆகும். ண, ஞ ஆகியவற்றின் சுழிக்குள் இருக்கும் சின்னத் துண்டு உரிந்து போனால் சுழி குழியாகிவிடும். 15 மி.மீ.க்குக் குறைந்த எழுத்தில் இரண்டும் அடிக்கடி நடக்கும். அதனால் கல்லில் 18 மி.மீ. எழுத்து, குறைந்த சொற்கள். மணல் பீச்சுமுன் சங்கத்தின் ஒருவர் பட்டறையில் நின்று புள்ளிகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். கல்லில் பிழை வந்தால் திருத்த வழியில்லை.

மற்ற இரண்டும் 3 மி.மீ. அலுமினியத் தகட்டில் ஒட்டிய அச்சு, மேலே புற ஊதாக் கதிர் தடுக்கும் படலம். ஸ்ரிக்கரின் ஓரம் 10 மி.மீ. பின்பக்கம் மடித்து ஒட்டப்பட்டது, இல்லையேல் வெயிலில் ஓரத்திலிருந்து கிளம்பும். நிறம் இளமஞ்சள் வெள்ளையில் கறுப்பு மட்டும். துளைகளுக்கு எதிரேயுள்ள பலகை புதிய கைப்பிடி வேலியில் வளையப் போல்ற்றால் கவ்வப்பட்டது, பழைய இரும்பைத் தொடவில்லை. அலுமினியமும் நாகம் பூசிய இரும்பும் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டால் அரிப்பு வரக்கூடும் என்பதால் இடையில் நைலோன் வோஷர்.

கம்பம் கைவிடப்பட்டது. மாடும், சில காலங்களில் யானையும் வரும் இடத்தில் மெல்லிய கம்பம் நிலைக்காது. கருங்கல் துண்டுகளைச் சாந்தில் கட்டிய பீடம், முன்விளிம்பு 75 செ.மீ. உயரம், மேற்பரப்பு 35 பாகை சரிவு. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் சிறு பிள்ளைக்கும் எட்டும், மழைநீரும் தங்காது. திறந்து வைத்தோர், நிதி தந்தோர் பெயர்கள் பீடத்தின் பின்புறம் சிறு கல்லில் உள்ளன.

நிறுவுதல்

அத்திவாரம் 45 செ.மீ. ஆழம். தோண்டுமுன் கண்ணிவெடி அகற்றல் பதிவு கேட்கப்பட்டது. இப்பகுதி துப்புரவு செய்யப்பட்டதென எல்லோரும் அறிந்திருந்தார்கள். ஆனால் துப்புரவுச் சான்றிதழில் எல்லைக்கோடும் ஆழமும் குறிக்கப்பட்டிருக்கும். கிழக்குக் கரைப் பீடம் எல்லைக்கு வெளியே இரண்டு மீற்றர் விழுந்தது, ஆழமும் போதாது. உரிய அலுவலகத்துக்கு அறிவித்து, அவர்கள் வந்து பார்த்துத் தந்த அனுமதியின் பின்பே மண்வெட்டி போடப்பட்டது. ‘ஆடு மாடு மேயும் இடம்தானே’ என்று யாரும் குறுக்கு வழி எடுக்கக்கூடாத இடம் இது.

பீடத்தின் மட்டத்துக்கு 2018 திசெம்பர் வெள்ளம் மரங்களில் விட்ட அடையாளம் அளவாக எடுக்கப்பட்டது. மேற்குப் பீடம் அதற்கு மேலே அமைந்தது. கிழக்குக் கரையில் அந்த உயரம் கிடைக்கவில்லை.

தொடர்ந்து நடந்தவை

முதல் மாரி முடியுமுன் கிழக்குக் கரை அலுமினியத் தகடு களவு போனது. பழைய இரும்புக் கடையில் அலுமினியத்துக்கு விலை உண்டு, சாதாரண நட்டும் சாவியும் போதுமாக இருந்தது. மேலதிகமாக அச்சிட்டு வைத்திருந்த ஒட்டுத்தாள் கையில் இருந்ததால் புதிதாக வடிவமைக்கவேண்டி வரவில்லை. இம்முறை 9 மி.மீ. ஃபைபர் சீமெந்துப் பலகையில் ஒட்டிப் பீடத்தின் சாந்திலேயே பதித்தார்கள். விற்க முடியாத பொருளைக் களவெடுப்பாரில்லை. அந்தப் பலகையின் பின்பக்கமும் ஓரமும் பூச்சால் அடைக்கப்படாவிட்டால் ஈரம் ஏறி ஒட்டுத்தாள் கொப்பளிக்கும். ஒரு மூலையில் அப்படி ஆனது, வெட்டி அடைத்தார்கள்.

கருங்கல் குறையின்றி நிற்கிறது. எழுத்துக்குள் பூசிய வெள்ளைப் பெயின்ற் மட்டும் இரண்டாவது மாரிக்குப் பின் உதிரத் தொடங்கியது. வேலியில் உள்ள பலகையில் நிறம் மாறவில்லை. சைக்கிள்கள் தடையின்றிப் போகின்றன. வகுப்பு ஆசிரியர்கள் பிள்ளைகளை அழைத்து வந்து படுக்கைக் கல்லின் அடைத்த துளைகளைத் தேடச் சொல்கிறார்கள். பலகையில் “இதன் கீழே பாருங்கள்” என்று எழுதியிருப்பது அந்த ஒன்றுக்குத்தான்.

வாசகம் குறித்து ஒரு திருத்தம் வந்தது. ஓவியத்தில் ‘நடுத்தூண்’ என்று ஒருமையில் இருந்ததை, மூன்று கண் பாலத்தில் தூண் இரண்டு என்று ஒரு மாணவி சுட்டிக்காட்டினாள். களவின் பின் மாற்றிய பலகை பழைய ஒட்டுத்தாளில் செய்யப்பட்டதால் அந்தப் பிழை இன்னும் அங்கே இருக்கிறது. அடுத்த அச்சில் மாறும்.

அடுத்த முறை மாற்றவேண்டியவை

பலகையின் செலவும் வேலையும் பாலத் திருத்தத்தின் முதல் மதிப்பீட்டிலேயே சேரவேண்டும். படுக்கைக் கற்களைக் கழுவிப் படம் எடுப்பதும் புடைப்பெழுத்தைப் படிப்பதும் பூச்சு வேலைக்கு முன்னரே நடக்கவேண்டும். இங்கே ஒரு கேடரின் உருக்காலை அடையாளம் தடித்த பெயின்ற்றின் கீழ் மறைந்துவிட்டது, இனி அடுத்த பூச்சு வரை காத்திருக்கவேண்டும்.

மூத்தோரின் குரல் பதிவும் முதலில் நடக்கவேண்டியது. லைன் வேலை தெரிந்தவர்கள் ஊரில் மிகச் சிலரே மிஞ்சியிருக்கிறார்கள். கட்டையில் சுத்தியல் தட்டி ஓசையில் உக்கலைக் கண்டுபிடித்த முறை, மாரியில் இரவுக் காவல் நின்ற விதம் எல்லாம் எந்த ஆவணத்திலும் இல்லை.

களவு எதிர்பார்க்கவேண்டிய இடத்தில் தொடக்கத்திலிருந்தே விற்பனை மதிப்பில்லாத பொருள் வேண்டும். தகடு தவிர்க்க முடியாததாயின் தலை உடைத்தே கழற்றக்கூடிய போல்ற். பராமரிப்பு ஒருவரின் பொறுப்பாக எழுதப்படவேண்டும். இப்போது சங்கச் செயலாளரிடம் ஒரு தாள் இருக்கிறது: தை மாதத்தில் பீடங்களைக் கழுவுதல், சவர்க்காரம் மட்டும், அமிலம் வேண்டாம், வைகாசியில் கவ்விகளை இறுக்குதல், மூன்று வருடத்துக்கு ஒருமுறை கல்லெழுத்துக்கு வெள்ளை, புரட்டாசியில், மாரிக்கு முன், கிழக்குப் பீடத்தின் அடியில் மண் அரித்திருக்கிறதா என்று பார்த்தல்.